செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கா, சர்வீஸ் சென்டரா?

போன நவம்பரில் என் கார் இரண்டு நாள் மிஸ்ஸிங் அடித்தது, அதாவது எஞ்சினில் பெட்ரோல் சீராக எரியாமல் திணறியது. முதல் நாள் சென்னை கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது மட்டும் ஓர் இழுப்பு, ஒரு குலுக்கல். இறக்கத்துக்கு வந்ததும் சரியாகிவிட்டது. மறுநாள் ஏசி போட்டாலே எஞ்சின் நடுங்க ஆரம்பித்தது. போகிற வழியில் ஒரு கடையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் ப்ளக் மூன்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே அடிக்கிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பிய மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தேன். என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. நானே பார்க்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம். தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லலாம். ரிக்கவரி வண்டியில் ஏற்றி கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பலாம். ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, நிறைய பேர் போய் மாட்டிக்கொள்வது அதில்தான்: ப்ளக்குக்குக் கரண்ட் தரும் காயிலை மாற்று, சரியாகவில்லையா, சென்சாரை மாற்று, அப்புறம் பம்பை மாற்று என்று பொருளாக வாங்கிப் போட்டுக்கொண்டே போவது.

வண்டி பெட்ரோல், மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் எஞ்சின், 2014 மாடல், கைகியர். கீழே சொல்வது முக்கியமாக இந்த மாதிரி வண்டிகளுக்குத்தான். மேலே சொன்ன வழிகளில் எதில் போவது என்பதை பணத்தை வைத்தோ பழக்கத்தை வைத்தோ முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. வண்டி எப்படி மக்கர் செய்கிறது என்பதை அரை மணி நேரம் நிதானமாகக் கவனித்தால், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் சத்தம்

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தம் மூன்று ரகம்.

'டக்' என்று ஒரே சத்தம், அல்லது 'டிக்டிக்டிக்' என்று வரிசையாக வந்து எஞ்சின் சுற்றவே இல்லை என்றால், அது பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் இவற்றில் ஒன்று. மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை என்று அர்த்தம். மெதுவாகச் சுற்றினாலும் சுற்றுகிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். வோல்ட் குறைந்தால் ஸ்பார்க்கும் பலமிழக்கும், பெட்ரோல் பம்பும் சோரும். பேட்டரியைச் சரியாக்காமல் செய்கிற எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

இரண்டாவது ரகம், வழக்கமான தாளத்தில் 'ர்ர்... ர்ர்... ர்ர்' என்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. என்னுடையது இது. ஸ்பார்க் (பொறி), பெட்ரோல், கம்ப்ரஷன் (பிஸ்டன் தரும் அழுத்தம்) என்ற மூன்றில் ஏதோ ஒன்று வரவில்லை, அல்லது சரியான நேரத்தில் வரவில்லை.

மூன்றாவதுதான் ஆபத்து. தாளமே இல்லாமல், தையல் மெஷின் மாதிரி வேகமாக, லேசாகச் சுற்றும். கம்ப்ரஷன் இல்லை என்பதைத்தான் அந்தச் சத்தம் சொல்கிறது. வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், செயின் தாவியிருக்கலாம். பல எஞ்சின்களில் இந்த நிலையில் வால்வும் பிஸ்டனும் மோதும். இன்னொரு முறை சாவியைத் திருப்புவதுகூட செலவை ஏற்றும். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை, ரிக்கவரி வண்டிக்கு போன் செய்துவிடுங்கள்.

எந்த ரகமானாலும் செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். நடுவில் அரை நிமிடமாவது விட வேண்டும். செல்ஃப் மோட்டார் சூடேறிவிட்டால், இருந்த பிரச்சினையோடு இன்னொன்றும் சேரும்.

ஒரு சிலிண்டரா, எல்லா சிலிண்டருமா

இந்த விஷயத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பணம் வீணாவதும் மிச்சமாவதும் இங்கேதான்.

ஒரு ப்ளக் போனாலோ ஒரு காயில் போனாலோ வண்டி குலுங்கும், பிக்கப் இருக்காது, சைலன்சரில் 'புட்புட்' என்று வரும். ஆனால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். நான்கில் மூன்று, மூன்றில் இரண்டு சிலிண்டர் இருந்தாலும் எஞ்சின் எப்படியோ எழுந்து ஓடும். இன்றைய வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில். மூன்று காயிலும் ஒரே இரவில் செத்துப்போவது நடக்காத காரியம். ஆகவே மிஸ்ஸிங்கில் ஆரம்பித்து, ஸ்டார்ட்டே ஆகாத நிலைக்கு வந்த வண்டியில், எல்லா சிலிண்டருக்கும் பொதுவாக இருக்கும் ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோல் பிரஷர், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் மெயின் ரிலே, எஞ்சின் எர்த், டைமிங், பேட்டரி வோல்ட், டேங்கில் இருக்கும் பெட்ரோல். பட்டியல் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

என் வண்டியில் ப்ளக்கை மாற்றிய கடைக்காரர் செய்த தவறும் இதுதான். மேடு ஏறும்போது மட்டும் வந்த மிஸ்ஸிங், சமதளத்தில் போய்விட்டது. ஒரு ப்ளக் அடியோடு போயிருந்தால் நின்ற இடத்தில் ஐட்லிங்கிலும் ஏதாவது தெரிந்திருக்கும். பாரம் ஏறினால் மட்டும் திணறுவது, எஞ்சின் கேட்கும் அளவு பெட்ரோல் வரவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். அன்றைக்கே யாராவது என்னிடம், "எப்போ வருது சார்? ஏத்தத்திலயா, நிக்கும்போதா, சூடானப்புறமா?" என்று கேட்டிருந்தால் மூன்று ப்ளக்கின் காசு மிச்சமாகியிருக்கும்.

சூடானபின் நின்றுபோய், அரை மணி ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் உண்டு. அங்கே கிராங்க் சென்சார்மேல் சந்தேகம் போக வேண்டும். மழை பெய்த மறுநாள் மட்டும் மிஸ்ஸாகி, வெயில் ஏறியதும் சரியாகும் வண்டியில் காயில் ரப்பர், ப்ளக் குழிக்குள் ஈரம், வயர் விரிசல் என்று தேட வேண்டும். எப்போது, எந்த நிலையில் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். யாரிடம் கொடுத்தாலும் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

நாமே பார்ப்பது

செலவு கிட்டத்தட்ட இல்லை. மல்டிமீட்டர் ஒன்று, ப்ளக் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும், பத்து நம்பர் ஸ்பேனர். நேரம் இருக்கிற யாரும் செய்யலாம், எஞ்சின் ஆறியிருந்தால் போதும்.

சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி டேஷ்போர்டைப் பாருங்கள். செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் கம்ப்யூட்டருக்கே கரண்ட் போகவில்லை, ஃபியூஸும் மெயின் ரிலேயும்தான் முதல் இடம். சாவி படம் போட்ட விளக்கு வேகமாக மினுக்கினால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவி இருந்தால் உடனே போட்டுப் பாருங்கள். ஒரே சாவிக்கொத்தில் இரண்டு வண்டிச் சாவி இருப்பதால்கூட இது சில சமயம் நடக்கும்.

அதே நேரம் பின் சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப் ஃபியூஸ், பம்ப் ரிலே. ஃபியூஸ் பாக்ஸில் ஒரே எண் போட்ட ரிலேக்கள் இரண்டு மூன்று இருக்கும். ஹாரன் ரிலேயைக் கழற்றி பம்ப் ரிலே இடத்தில் மாட்டிப் பார்ப்பது காசில்லாத சோதனை. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் லேசாகக்கூட அசையாவிட்டால், பல வண்டிகளில் அது கிராங்க் சென்சார் சிக்னல் வரவில்லை என்பதற்குத் துப்பு. எல்லா வண்டியிலும் அப்படி இல்லை என்பதால் இதை மட்டும் வைத்து சென்சார் வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் ப்ளக். பத்து விநாடி செல்ஃப் அடித்தபின் கழற்றிப் பார்த்தால் எஞ்சினுக்குள் நடப்பது அதில் தெரியும். பெட்ரோலில் நனைந்து சொட்டினால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. ஸ்பார்க் பக்கம் தேட வேண்டும், அல்லது திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்து நாமே நனைத்துவிட்டோம். பின்னது என்றால் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பல இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்படி மிதித்தால் பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும், நனைந்தது காயும். எண்ணெய் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் ரிங், வால்வு சீல் பக்கம் பிரச்சினை. ஒரே ஒரு ப்ளக் மட்டும் மற்றவற்றைவிட வேறுபட்டிருந்தால் அந்த சிலிண்டரோடு தேடலை முடித்துக்கொள்ளலாம். உலர்ந்து இருந்தால் பெட்ரோல் வரவில்லை.

என் வண்டியில் மூன்றும் உலர்ந்திருந்தன. முந்தின நாள் போட்ட புது ப்ளக். மூக்கருகே கொண்டுபோனால் லேசாக பெட்ரோல் வாடை, விரலில் ஈரமில்லை. பம்ப் ஓடும் சத்தம் கேட்டது, ஆனால் சோர்ந்த சத்தமாக இருந்தது.

ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க, ப்ளக்கைக் கையில் பிடித்து எஞ்சினில் தேய்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். காயிலிலிருந்து வருவது பல்லாயிரம் வோல்ட். ப்ளக் குழியிலிருந்து பெட்ரோல் ஆவியும் வெளியே வரும், அங்கே ஒரு பொறி போதும். ஸ்பார்க் டெஸ்டர் என்று சின்னக் கருவி விற்கிறார்கள். பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அதை வைத்துப் பாருங்கள். காற்று உள்ளே போகும் இன்டேக்கில் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்து பார்ப்பதையும் வீட்டு வாசலில் செய்ய வேண்டாம்.

நாமே பார்ப்பதன் எல்லை இதுவரைதான். பெட்ரோல் பிரஷர் எவ்வளவு, கம்ப்ரஷன் எவ்வளவு என்பதற்கு கேஜ் வேண்டும். அது இல்லாமல் 'பம்ப்தான்' என்று நானே முடிவு கட்டியிருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

ஸ்கேனர்

இந்தியாவில் 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே பதிவு செய்யும் வசதி, கட்டாயமானது. அதனால் 2013-க்குப் பின் வந்த பெட்ரோல் கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட் இருக்கும். இஎல்எம் 327 என்ற சிப்பை வைத்த ப்ளூடூத் ஸ்கேனர்கள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன, போனில் ஒரு ஆப் போட்டால் போதும். ஐபோன்காரர்கள் வாங்குமுன் தங்கள் போனோடு சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சாதாரண ப்ளூடூத் மாடல்கள் அதில் வேலை செய்யாது.

என் மச்சானிடம் ஒன்று இருந்தது. மாட்டியதும் இரண்டு கோளாறுக் கோட் வந்தன: பி0300, பி0171. முதலாவது குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் பொதுவான மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் பி0301, பி0302 என்று கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். இரண்டாவது, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்பது. கோட் விழுந்த நொடியின் விவரத்தையும் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்தது, எஞ்சின் பாரத்தில் இருந்தபோது விழுந்த கோட் அது. மேம்பாலத்தில் நான் உணர்ந்ததும் அதுவும் ஒன்றோடு ஒன்று பொருந்தின. காற்றுக் குழாயில் ஓட்டை இருந்தாலும் பி0171 வரும், ஆனால் அது ஐட்லிங்கில்தான் அதிகம் தெரியும். பெட்ரோல் பற்றாக்குறை பாரத்தில் தெரியும்.

இவ்வளவு உதவினாலும் ஸ்கேனர் ஒருபோதும் பொருளைச் சுட்டிக்காட்டாது. கம்ப்யூட்டர் என்ன பார்த்தது என்பதைத்தான் கோட் சொல்லும். பி0301 வந்தால் முதல் சிலிண்டரின் ப்ளக்காக இருக்கலாம், காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், வயர், கம்ப்ரஷன் எதுவாகவும் இருக்கலாம். பி0335 வந்தால் கிராங்க் சென்சாரும் இருக்கலாம், எலி கடித்த வயரும் இருக்கலாம். நம் ஊர் கார்களில் பெரும்பாலானவற்றில், குறிப்பாக ஒவ்வொரு சிலிண்டரின் வாசலிலும் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண எம்பிஎஃப்ஐ எஞ்சின்களில், பெட்ரோல் பிரஷரை அளக்கும் சென்சாரே கிடையாது. அதை எந்த ஆப்பிலும் பார்க்க முடியாது. கோட் எதுவும் இல்லாமலும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்.

ஒரு முக்கியமான வேண்டுகோள்: கோட்களை அழிக்கும்முன் படம் எடுத்து வையுங்கள். அழித்தால் அந்த நொடி விவரமும் சேர்ந்து போய்விடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பல வண்டிகளில் அதே கதிதான். கடையில் கொண்டுபோய்க் காட்டும்போது துப்பு எதுவும் மிஞ்சியிருக்காது.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் மல்டிமீட்டருக்குப் பிறகு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் மல்டிமீட்டரையே எடுப்பேன்.

வீட்டுக்கு வரும் மெக்கானிக்

பெட்ரோல் வரவில்லை என்று தெரிந்துவிட்டது, இனி பிரஷர் கேஜ் வேண்டும். இந்தக் கட்டத்தில் எனக்கு மூன்றாவது வழிதான் சரியாகப் பட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, இழுத்துக்கொண்டு போவதைவிட ஆள் வருவது சுலபம். பத்து வருட வண்டி, வாரண்டிக் கவலை இல்லை.

இரண்டு பேருக்கு போன் செய்தேன். ஒருவர் நான் சொல்லி முடிக்குமுன், "பம்ப் போயிருக்கும் சார், வாங்கிட்டே வந்துர்றேன்" என்றார். இன்னொருவரிடம் பிரஷர் கேஜ் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு சார், கேஜ் போடாம எப்படிச் சொல்றது?" என்றார். அவரையே வரச் சொன்னேன். மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மிஸ்ஸிங்குக்கும் ஸ்டார்ட் ஆகாததற்கும் வருகிற ஆளிடம் பிரஷர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், மல்டிமீட்டர் மூன்றும் இருக்க வேண்டும். ஸ்கேனர் இருந்தால் நல்லது.

கேஜ் மாட்டி சாவியை ஆன் செய்தார். இந்த எஞ்சினில் 3 பார் அளவுக்கு நிற்க வேண்டும், 1.2 பார்தான் வந்தது. கூட வந்த பையன், "பம்ப்தான்ணே" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பின் சீட்டைத் தூக்கி, டேங்கின் மேல் இருக்கும் பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் முனைகளை வைத்து, பம்பை ஓடவிட்டு அளந்தார். பேட்டரியில் 12.3 வோல்ட். பம்பில் 8.1.

பம்ப் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் போக வேண்டிய கரண்ட் வழியிலேயே பாதியில் தேய்ந்திருக்கிறது. கனெக்டரைப் பிரித்தால் ஒரு பின் பச்சை பூத்து, பக்கத்து பிளாஸ்டிக் கருகி உருகியிருந்தது. ஈரம் ஏறி, பின் அரித்து, தொடுகை குறைந்து, சூடேறி, இன்னும் அரித்து என்று பல மாதமாக நடந்திருக்கிறது. பாரம் கூடும்போது பம்ப் ஈடுகொடுக்க முடியாமல் மிஸ்ஸிங் வந்தது. ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் மோட்டாரே பேட்டரியை 10 வோல்ட்டுக்கு இழுத்துவிட, பம்புக்கு மிஞ்சியது எதற்கும் போதவில்லை.

இதில் ஒரு நுணுக்கத்தை அவர் எனக்கு விளக்கினார். பம்ப் இணைக்கப்படாமல் கரண்ட் மட்டும் வரும்போது அதே கனெக்டரில் அளந்தால் முழு 12 வோல்ட் காட்டும். கரண்ட் பாயும்போதுதான் கெட்ட தொடுகையில் வோல்ட் விழும். கனெக்டரைக் கழற்றி வைத்து அளந்துவிட்டு, 'கரண்ட் வருது, பம்ப்தான் போச்சு' என்று புதுப் பம்ப் மாட்டுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். புதுப் பம்பும் அதே கருகிய கனெக்டரில் அதே மாதிரி சோர்ந்துதான் ஓடும்.

கனெக்டரை வெட்டி, புதியது வைத்து சால்டர் செய்தார். 11.8 வோல்ட், 3 பார், ஸ்டார்ட். வந்து பார்த்த கூலியும் கனெக்டரும் சேர்த்து 1,500 ரூபாய். பம்ப் செட் மாற்றியிருந்தால் பல ஆயிரம் போயிருக்கும், வண்டியும் ஓடியிருக்காது.

இதை வைத்து எப்போதும் வீதி மெக்கானிக்தான் சிறந்தவர் என்று சொல்ல வரவில்லை. இம்மொபிலைசர் சாவி பதிவு செய்வது, கம்ப்யூட்டர் கோளாறு, டர்போ, நேரடி இன்ஜெக்ஷன், பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகளின் புகைச் சாதனங்கள் என்று வந்தால் நல்ல கைத்திறன் உள்ளவரும் வயரிங் படமும் கம்பெனி ஸ்கேனரும் இல்லாமல் தடுமாறுவார். நல்ல மெக்கானிக் அதை அவரே சொல்லிவிடுவார்.

சர்வீஸ் சென்டர்

வாரண்டியோ நீட்டித்த வாரண்டியோ இருக்கிறதென்றால் முதலிலேயே இங்கேதான் போக வேண்டும். வெளியே வயரைத் தொட்டுவிட்டால் பிறகு அதைக் காட்டியே மறுக்க வாய்ப்பு உண்டு. வாரண்டி இல்லாத வண்டிக்கும் மேலே சொன்ன இம்மொபிலைசர், கம்ப்யூட்டர், டைமிங் செயின் போன்றவற்றுக்கு இதுவே நல்லது. மெக்கானிக் பார்த்து, ஸ்பார்க், பிரஷர், கம்ப்ரஷன் எல்லாம் சரி என்று சொன்னபின்னும் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கும் அப்படித்தான்.

இங்கே பலவீனம் இரண்டு. காத்திருப்பு ஒன்று. ஒரு பின் கருகியதற்கு முழு அசெம்பிளியையே மாற்றும் வழக்கம் இன்னொன்று. இரண்டாவதை நாம் ஓரளவு தடுக்கலாம். ஜாப் கார்டில் 'பம்ப் மாற்றவும்' என்று எழுத விடாதீர்கள். 'மேடு ஏறும்போது மிஸ்ஸிங், இரண்டு நாளில் ஸ்டார்ட் ஆகவில்லை, செல்ஃப் நன்றாக அடிக்கிறது, காரணம் கண்டுபிடிக்கவும், மாற்றும்முன் போன் செய்யவும்' என்று எழுதச் சொல்லுங்கள். நாம் பொருளின் பெயரைச் சொன்னால் அந்தப் பொருளைத்தான் மாற்றுவார்கள், அது தவறாகப் போனாலும் பொறுப்பு நம்முடையது. போன் வந்தால், என்ன அளந்தீர்கள், என்ன வந்தது என்று கேளுங்கள். பழைய பொருளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

இழுத்துப் போகும் செலவை முன்கூட்டியே பாருங்கள். இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் குறிப்பிட்ட தூரம்வரை அதிலேயே வரும், பாலிசியைத் திறந்து பார்த்தால் எண் இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, தட்டு வைத்த ரிக்கவரி வண்டிதான் கேட்க வேண்டும்.

பொருளை மாற்றிப் பார்ப்பது எப்போது சரி

அடியோடு தவறு என்று சொல்ல மாட்டேன். ஒரு சிலிண்டரில்தான் மிஸ்ஸிங் என்று கோட் வந்து, வண்டியும் ஸ்டார்ட் ஆகிறது என்றால், அந்த காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றி மாட்டுங்கள். கோட்டும் கூடவே அடுத்த சிலிண்டருக்குப் போனால் காயில்தான், தைரியமாக வாங்கலாம். நகரவில்லை என்றால் ப்ளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் காசு இல்லை. ப்ளக்கின் கிலோமீட்டர் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது என்றால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். சென்சார், பம்ப், கம்ப்யூட்டர் இந்த மூன்றை மட்டும் அளக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். கரண்ட் சம்பந்தப்பட்ட பொருள்களைப் பல கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மிஸ்ஸிங் இருக்கும்போதே 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று ஓட்டுவது இன்னொரு பெரிய செலவு. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் அந்த எச்சரிக்கைதான் அது. ஓரம் கட்டி நிறுத்துங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பேட்டரி இறங்கிய கைகியர் வண்டிக்கு மட்டும்தான். செல்ஃப் நன்றாக அடித்தும் பிடிக்காத வண்டியைத் தள்ளுவதால் ஒரு பயனும் இல்லை.

இன்னும் சில நிலைமைகள்

பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரில் மிஸ்ஸாகி நின்றால் பெட்ரோலையே சந்தேகப்படுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால் அடுக்கு தெரியும். இதற்கு டேங்கைக் காலி செய்ய வேண்டும், எந்தப் பொருளையும் மாற்றினால் தீராது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

சிஎன்ஜி போட்ட வண்டிக்காரர்கள் பெட்ரோலை முள் அடியிலேயே வைத்து மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பம்பைக் குளிர்விப்பது டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான். பல வண்டிகள் ஸ்டார்ட் ஆவது பெட்ரோலில் என்பதால், பம்ப் போனால் சிஎன்ஜி நிறைய இருந்தும் அவை ஸ்டார்ட் ஆகாது.

டீசலில் ஸ்பார்க்கே கிடையாது. ஃபில்டர், லைனில் காற்று, இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் ரெயில் என்ற குழாயின் பிரஷர், இன்ஜெக்டர் என்று கணக்கே வேறு. காமன் ரெயிலில் பிரஷர் உயிருக்கே ஆபத்தான அளவு. வீட்டில் கை வைக்கவே வேண்டாம்.

கடைசியாக, தண்ணீரில் நின்ற வண்டி. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தெருவெல்லாம் வண்டிகள் மூழ்கி நின்றன. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்ப்பது மிகப் பெரிய தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இங்கே செல்ஃப் சத்தம், ஸ்கேனர், ப்ளக் எதையும் பார்க்க வேண்டாம். பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள், தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி படம் எடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள், தட்டு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். சாதாரண காம்ப்ரஹென்சிவ் பாலிசியில் தண்ணீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்குப் பெரும்பாலும் பணம் வராது, எஞ்சின் ப்ரொடெக்ஷன் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதி வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருகிறதென்றால் இப்போதே பாலிசியை எடுத்து அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.